வாத்துக்குக் கோழிக் கணக்கு

மார்ச் 3

கம்ப்யூட்டர் மகாராணிக்கு,

உன்னோடு ஃபோனில் பேச மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நினைக்காதே. பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஏற்றிப் போகும் நம் வேன் உன் ஊர் வழியாகத்தான் போகிறது. நாம் ஹாரன் என்று கூப்பிடும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு பதில் எழுதிக் கொடு. அவனைக் காக்க வைக்காதே. காத்திருக்கும் நேரமெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான், உன் ஆபீசில் இருப்பவர்கள் என்னைத்தான் வைவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மெஷினிலிருந்து கையை எடு.

முட்டை பொரிக்கும் மெஷினுக்கு நீ எழுதிக் கொடுத்தாயே 'அடைகாவல்' என்று ஒரு புரோகிராம், அதை நான் அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் மேல் நீ ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, sudo apt remove adaikaval என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். அகற்றியாகிவிட்டது என்று அதுவும் சொன்னது. பிறகு பென் டிரைவிலிருந்து புதிதாக ஏற்றினேன். முதன்முதலில் நீ ஏற்றியபோது 'எந்தப் பறவை?' என்று கேட்டதே, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதுவாகவே 'கோழி' என்று போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. திரும்ப அழித்தேன், திரும்ப ஏற்றினேன். திரும்பவும் கோழி! நெட் வயரைக்கூடப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அப்போதும் அது உன் பேச்சைத்தான் கேட்கிறது.

உள்ளே இருப்பது கோழி முட்டை இல்லை, வாத்து முட்டை. கோழி முட்டையைப் பதினெட்டு நாள் திருப்பினால் போதும். வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் திருப்ப வேண்டும். எட்டாம் தேதி முட்டையைத் திருப்பும் தட்டுகள் நின்றுவிடும் என்று திரையில் போட்டிருக்கிறது. நின்றால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே சாகும். திரையில் முட்டை வைத்த தேதியை மட்டும்தான் மாற்ற முடிகிறது, பறவையை மாற்ற ஒரு பட்டன்கூட நீ வைக்கவில்லை. என் கையைக் கட்டிப்போடத்தானே இதை எழுதினாய்?

அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே ஆட்டி வைப்பதை நிறுத்து.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

ஹாரன் வந்தது தெருவுக்கே தெரிந்தது. மேலாளர் ஜன்னலை எட்டிப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உன் மெஷினை நான் தொடவில்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் இங்கிருந்து தொடுவதற்கு நான் என்ன ஆவியா? அந்தக் கம்ப்யூட்டர் வெளியுலகத்தோடு பேசவே முடியாது. அது தன் பாட்டுக்கு ஓடுகிறது. நீ சொன்ன குற்றம் எதிலும் எனக்குப் பங்கில்லை.

மெஷின் கதவைத் திறந்தால் எனக்குச் செய்தி வரும்படி வைத்தது பிடிக்கவில்லை என்றாய். குஞ்சு வாங்க வந்தவர்கள் முன்னால் நான் ஃபோனில், "அக்கா, கதவை மூடு, சூடு இறங்குது" என்று சொன்னது மானக்கேடு என்றாய். "என் முட்டைக்கு உன் காவல் வேணாம், போடி" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னவள் நீ. போய்விட்டேன். போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, ஏன் உள்ளே நுழைந்தாய் என்றால் நான் என்ன சொல்வது? உன் மெஷின், உன் முட்டை. நீயே பார்த்துக்கொள்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பொரிப்பகம் ஆரம்பித்த நாளிலிருந்து கோழி தவிர வேறெதையும் தொடாதவள் நீ. வாத்து எங்கிருந்து வந்தது?

தங்கை

அத்தானைக் கேட்டதாகச் சொல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.


மார்ச் 5

ஏய்,

கேட்டதாகச் சொன்னேன். "அவ நல்லாயிருக்காளா?" என்று உன் அத்தான் மூன்று தடவை கேட்டுவிட்டார். நான் காய்ச்சலில் படுத்தபோதுகூட அவ்வளவு தடவை கேட்கவில்லை.

வாத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். ஆற்றங்கரையில் ஒருவர் வாத்து வளர்த்துக்கொண்டிருந்தார், உனக்கும் தெரியும், சைக்கிளில் முட்டைக் கூடையோடு வருவாரே, அவர்தான். போன மாதம் வெள்ளத்தில் கொட்டகை, வாத்து, வலை எல்லாம் போய்விட்டது. தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் பொறுக்கி மாடியில் வைத்த முட்டைகள் மட்டும் மிச்சம். அந்த வாத்துகளை அவரே பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து உருவாக்கியிருக்கிறார். வேறு எங்கேயும் அந்த வகை கிடையாதாம். அடைக்கு வைக்க அவரிடம் ஒரு பறவைகூட இல்லை.

வந்து நின்றார். "இது பொரிஞ்சாத்தாம்மா நான் மறுபடி வாத்துக்காரன். இல்லேன்னா வெறும் ஆளு" என்றார். என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? "வாத்து வச்சுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி, "அதையெல்லாம் மெஷின் பாத்துக்கும், நீங்க நிம்மதியாப் போங்க" என்று அனுப்பிவிட்டேன். புரோகிராமை அழித்துவிட்டு ஏற்றினால் பறவையைக் கேட்கும், சொல்லிவிடலாம் என்ற தைரியம்தான். இப்போது அவர் தினமும் சாயங்காலம் வந்து மெஷின் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தட்டு நின்றால் கையால் திருப்பலாமே என்பார் உன் அத்தான். ஒரு நாள் திருப்பலாம். ராத்திரி பகலாக ஒரு வாரம் திருப்ப இடுப்பு வேண்டாமா?

நீ தொடவில்லை என்கிறாய். சரி, நம்புகிறேன். அப்படியானால் இந்தச் சனியன் ஏன் கோழி கோழி என்றே அடம் பிடிக்கிறது? உன் புரோகிராமை வேரோடு பிடுங்க வழி என்ன? மூன்று நாள்தான் இருக்கிறது. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், இப்போது சொல்லித் தொலை.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதை முதலிலேயே எழுதியிருந்தால் முந்தாநாளே வழி சொல்லியிருப்பேனே. சண்டைக்கு இத்தனை வரி எழுதத் தெரிகிறது உனக்கு, இதற்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லையா?

நீ அடித்தது தப்பே இல்லை. remove என்றால் புரோகிராமை மட்டும்தான் எடுக்கும். அது எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைத்த அமைப்புகளை அப்படியே விட்டுவிடும். வாடகைக்கு இருந்தவர் சாமான்களோடு காலி செய்துவிட்டார், சுவரில் அடித்த ஆணிகளை மட்டும் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள். அவரே மறுபடி குடிவந்தால் எதை எங்கே மாட்டுவது என்று யாரையும் கேட்க மாட்டார், நேராக ஆணியில் மாட்டுவார். பழைய பதில் கையில் இருக்கும்போது புரோகிராம் எதற்கு உன்னிடம் கேள்வி கேட்கும்? தவறிப்போய் அழித்தவர்கள் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டாமே என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் கேள்விக்குக் 'கோழி' என்று பதில் சொன்னது நான் இல்லை. நீதான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக மெஷின் கேட்டது உன் பேச்சைத்தான், தாயே.

ஆணியையும் சேர்த்துப் பிடுங்குவதற்கு வேறு சொல் இருக்கிறது. இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடி:

sudo apt purge adaikaval

பாஸ்வேர்டு கேட்கும். நீ அடிப்பது திரையில் தெரியாது, கீபோர்டு கெட்டுவிட்டது என்று அத்தானைக் கத்தாதே. நிச்சயமா என்று கேட்டால் y. கோழி, நாள் கணக்கு, கதவு திறந்தால் எனக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு எல்லாம் போய்விடும். பிறகு பென் டிரைவிலிருந்து ஏற்று. இந்த முறை எந்தப் பறவை, என்றைக்கு வைத்த முட்டை என்று புதிதாகக் கேட்கும். தேதியை முட்டை மேல் பென்சிலால் எழுதியிருப்பாய், பார்த்துச் சொல்.

பக்கம் 2

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று. மெஷினின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. அதை மேலே தள்ளிவிடு. புரோகிராம் இல்லாத நேரத்தில் ஹீட்டரும் நின்றுவிடும், அந்த சுவிட்ச் போட்டிருந்தால்தான் சூடு இருக்கும். முன்பு இரண்டு தடவையும் நீ உடனே திரும்ப ஏற்றியதால் தப்பித்தாய். மறந்துவிடாதே அக்கா, முட்டை ஆறிவிடும்.

வாத்துக்காரரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

தங்கை


மார்ச் 7

அடியே,

பக்கம் இரண்டாம், பக்கம் இரண்டு! அடுப்பை அணைப்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பற்ற வை என்பதை யாராவது பின்பக்கத்தில் எழுதுவார்களா?

உன் கடிதம் வந்ததும் நின்றவாக்கிலேயே படித்தேன். முதல் பக்கம் முடிந்ததும் மெஷினிடம் ஓடிவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியாதா? purge அடித்தேன். y அடித்தேன். எல்லாம் போய்விட்டது. திரை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆகா, பீடை ஒழிந்தது என்று பென் டிரைவைத் தேடினால், காணோம்.

"என்னங்க, இங்க இருந்த பென் டிரைவ் எங்க?" என்று கேட்டேன். உன் அத்தான் தலையைச் சொறிந்தார். ஹாரன் வழியில் பாட்டு கேட்க ஒன்று வேண்டும் என்று கேட்டானாம், இவர் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். வேன் அதற்குள் குஞ்சு இறக்க எங்கேயோ போய்விட்டது. ஹாரனுக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? பாட்டுச் சத்தத்தில் காது கேட்காது.

இவரைத் திட்டி, அவனைத் திட்டி, உன்னையும் திட்டி முடித்தபோதுதான் மெஷின் முனகாமல் கிடப்பது உறைத்தது. விசிறிச் சத்தம் இல்லை. கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. அப்போதுதான் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு சுவிட்சைத் தள்ளிய வேகத்தில் அது கையோடு வராதது என் அதிர்ஷ்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடில்லாமல் கிடந்திருக்கின்றன முட்டைகள். கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

அந்த நேரம் பார்த்து வாத்துக்காரர் வந்து நிற்கிறார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மெஷின் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அடை வாத்து எந்திரிச்சுக் குளிக்கப் போகுமே, அப்பவும் முட்டை ஆறத்தானே செய்யும்? ஆனா இவ்வளவு நேரம் போகாது. பாத்துருவோம்மா" என்றார். என்னைத் தேற்றுகிறாரா, தன்னைத் தேற்றிக்கொள்கிறாரா என்று புரியவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். முதல் முட்டையில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. உன் அத்தான் டார்ச்சை வாங்கிக்கொண்டார். அடுத்ததில் கருப்பாக ஒன்று வெடுக்கென்று திரும்பிப் படுத்தது. "இருக்கு! இருக்கு!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிறகு வரிசையாகப் பார்த்தோம். முதல் இரண்டும்கூடச் சும்மா தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன, கழுதைகள்.

வேன் வரும்வரை தட்டுகளை நாங்களே கையால் திருப்பினோம். ஹாரன் வந்ததும் திட்டுவதற்குக்கூட நேரமில்லாமல் பென் டிரைவைப் பிடுங்கி ஏற்றினேன். வந்தது பார், 'எந்தப் பறவை?' என்று! வாத்துக்காரரே தன் கையால் வாத்து என்று அழுத்தினார். பதினைந்தாம் தேதிவரை தட்டு திரும்பும் என்று போட்டிருக்கிறது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வேரோடு பிடுங்கியாகிவிட்டது என்றாயே? எல்லாம் முடிந்து, வாத்து முட்டை காயாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தால், திரையில் கொட்டை எழுத்தில் 'அக்கா, கதவை மூடு!' என்று வருகிறது. இது எங்கிருந்து வந்தது?

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதத்தைப் பாதி படித்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 'இருக்கு' என்ற இடம் வந்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். மேலாளர் மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். "வாத்து உயிரோட இருக்கு சார்" என்றேன். இப்போது என்னோடு கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுகிறார்.

முக்கியமானதைப் பின்பக்கத்தில் எழுதியது என் மடத்தனம்தான். இனிமேல் தலைப்பிலேயே எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். purge அமைப்புகளைத் துடைக்கும், ஆனால் உன் சொந்த ஃபோல்டருக்குள் நுழையாது. வீட்டுக்காரர் ஆணி பிடுங்க வரலாம், உன் அலமாரியைத் திறக்கலாமா? அது போலத்தான். திரையில் வரும் அந்த வாசகம் உன் பெயரில் உள்ள ஃபோல்டரில், மறைந்து கிடக்கும் ஒரு இடத்தில் இருக்கிறது. உன் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலையும் H எழுத்தையும் சேர்த்து அழுத்து. மறைந்திருப்பவை எல்லாம் மங்கலாகத் தெரியும். முன்னால் ஒரு புள்ளி வைத்து .adaikaval என்று இருக்கும். அதை அழித்துவிட்டால் முடிந்தது. வேறு எதையும் தொடாதே, தொட்டால் நானே கிளம்பி வர வேண்டியிருக்கும்.

இத்தோடு நான் உன் மெஷினில் எங்கேயும் இல்லை. நீ கேட்டது இதுதானே. சந்தோஷமாக இரு.

தங்கை


மார்ச் 17

வாலுக்கு,

ஒன்பது நாளாக உனக்கு எழுதவில்லை. எழுத நினைத்தபோதெல்லாம் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

புள்ளி வைத்த அதையும் அன்றைக்கே அழித்துவிட்டேன். எதுவும் மிச்சமில்லை. மறுநாள் கதவைத் திறந்தால் திரை பேசாமல் கிடக்கிறது. சூடு இறங்கினாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. கேள் இந்தக் கூத்தை: நீ கேட்டுக்கொண்டே இருந்தபோது நாளைக்குப் பத்து தடவை திறந்தவள், இப்போது திறக்கவே பயப்படுகிறேன். தண்ணீர் தெளிக்க மட்டும் திறந்து, தெளித்த மறு நிமிஷம் அடித்துச் சாத்துகிறேன். நான் அப்படித் திறந்து திறந்து பார்த்ததே, தப்பினால் நீ சொல்லிவிடுவாய் என்ற தைரியத்தில்தான் என்று தோன்றுகிறது. அந்தத் தைரியத்தைத்தான் போடி என்று துரத்தினேன். இதைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடாதே.

தட்டு சரியாகப் பதினைந்தாம் தேதி நின்றது. நேற்றிலிருந்து முட்டைகள் தானாகவே ஆடுகின்றன. இன்று காலை ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு விரிசல். வாத்துக்காரர் வீட்டுக்கே போகவில்லை, மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அத்தான் அவருக்கு டீ கொடுத்துக்கொண்டே இருக்கிறார், அவரும் குடித்துக்கொண்டே இருக்கிறார். சில முட்டைகள் அசையவே இல்லை. விரிசல் விட்டதும் அப்படியே நிற்கிறது. உடைத்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. நீ இருந்தால், "சும்மா இரு அக்கா" என்றிருப்பாய். சும்மாதான் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நேற்று மத்தியானம் ஃபோனில் உன் நம்பரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். பேச மாட்டேன் என்றவள் கூப்பிடுகிறாள் என்றால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எடுத்தேன். முதலில் விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு நீ ஃபோனை எங்கேயோ கொண்டுபோய் வைத்தாய். கீச்சென்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சண்டை போடுவது போல அத்தனை குரல்கள். "நம்ம வாத்துதான்மா, மூக்கப் பாரு, நம்ம வாத்தேதான்!" என்று வாத்துக்காரர் சொன்னது கேட்டது. அழுதாரா சிரித்தாரா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில்தான் நீ வாயைத் திறந்தாய். "கேட்டுச்சா?" என்றாய்.

"கேட்டுச்சுக்கா" என்றேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய்.

இன்று காலை உன் பதினேழாம் தேதிக் கடிதத்தை ஹாரன் கொண்டுவந்து கொடுத்தான். பதினேழாம் தேதி அங்கிருந்து கிளம்பும்போதே வண்டி பஞ்சராம், இன்றைக்குத்தான் கிளம்ப முடிந்ததாம். "பதில் சீக்கிரம் எழுதுங்கக்கா, திரும்பிப் போகணும்" என்றான். எல்லா முட்டையும் பொரியவில்லை, ஆனால் ஒரு மந்தைக்குப் போதும் என்று வாத்துக்காரர் எண்ணிச் சொல்லிவிட்டாராம். அதையும் அவன்தான் சொன்னான். நான் உள்ளே போய் லீவு சொல்லிவிட்டு வந்து வேனின் முன் சீட்டில் ஏறிவிட்டேன். மேலாளர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, போய்விட்டு வா என்று வேகமாகத் தலையாட்டினார். இந்தக் கடிதத்தை வண்டியிலேயே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அது ஹாரனின் குற்றம். நானே கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். நீ படித்துக்கொண்டிருக்கும்போது நான் எதிரில்தான் நிற்பேன், அதனால் அழுகிற உத்தேசம் இருந்தால் கொஞ்சம் தள்ளி வை.

சண்டையில் பாக்கி ஏதாவது இருந்தால் நேரிலேயே முடித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சாப்பாடு போடு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

தங்கை